விருந்தினனின் கடமை

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் நாட்டுப் பழமொழி. மாணவ நண்பர்களே, நான் ஓர் அயல்நாட்டு இல்லத்தில் மூன்று நாள் அன்று, ஏறத்தாழ ஓராண்டுக் காலம் உண்டு உறங்கி வாழ்ந்தவன். விருந்தோம்பலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். விருந்தை அளிப்பவனின் கடமையை நாம் நன்கு அறிவோம். விருந்தை ஏற்பவனுக்கும் ஒரு கடமை உண்டன்றோ? அது யாது? ஜப்பான் நாட்டுக்குக் கல்வி கற்கச் சென்று, அந்நாட்டு மக்களிடையே வாழ்ந்த அயல்நாட்டு மாணவர்களின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகிறது. அவ்வரலாற்றில் ஒரு சிறு துளியாகிய என் அனுபவத்தையும் சேர்த்து இன்று சொல்ல விழைகிறேன்.

வெளிநாட்டில் தங்கிப் பயிலும் மாணவனை ஜப்பானியர் 'ரியூகக்குசெய்' என்பர். 'தங்கிக் கற்பவன்' என்பது அதன் பொருள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வழங்கிய சொல் அது. 630ஆம் ஆண்டு தொடங்கி ஜப்பானிய அரசு, சீனத்தின் தாங் அரசவைக்குத் தூதுக்குழுக்களை அனுப்பி வந்தது. தூதர் திரும்பிவிடுவர், உடன் சென்ற மாணவர் தங்கிவிடுவர். அடுத்த தூதுக்குழு வந்து மீளும்வரை, சிலர் பதினைந்து இருபது ஆண்டுகள்கூட, அங்கேயே கற்றனர். 717ஆம் ஆண்டில் சென்ற குழுவில் இளைஞர் இருவர் இருந்தனர். அவர்களுள் கிபி நோ மகிபி என்பவர் கற்றுத் திரும்பித் தம் நாட்டில் உயர்ந்த அமைச்சரானார். ஆபே நோ நகமாரோ என்பவரோ சீன அரசில் பதவி பெற்றார்; 753ஆம் ஆண்டில் தாயகம் திரும்பக் கப்பலேறினார்; புயல் அக்கப்பலை வியட்நாம் கரையில் ஒதுக்கிற்று. மீண்டும் சீனத் தலைநகரையே அடைந்த அவர், 770ஆம் ஆண்டில் அங்கேயே காலமானார். தங்கிக் கற்கச் சென்றவர் தங்கியே போனார்.

பதினொரு நூற்றாண்டு கடந்தபின் காட்சி தலைகீழாக மாறிற்று. 1896ஆம் ஆண்டில் சீன அரசு பதின்மூன்று மாணவர்களை ஜப்பானுக்கு அனுப்பியது. பத்தாண்டுக்குள் அத்தொகை ஏறத்தாழ எட்டாயிரமாகப் பெருகிற்று. அவர்களுள் ஒருவரே பின்னாளில் சீன இலக்கியத்தின் பெருந்தலைவராகப் போற்றப்பட்ட லூ சுன். அவர் 1904ஆம் ஆண்டில் வடக்கே செண்டாய் நகரின் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, உள்ளூர்ப் புழங்கு விடுதிகளில் உணவு உண்டு வாழ்ந்தார். உடற்கூற்றியல் ஆசிரியர் ஃபுஜினோ கென்குரோ, இந்த வேற்றுநாட்டு மாணவனின் குறிப்பேடுகளை வாரந்தோறும் வாங்கி, விடுபட்ட செய்திகளை மட்டுமன்றி மொழிப் பிழைகளையும் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தார். ஆனால் அதே கல்லூரியின் மாணவர் சிலரோ, இவர் தேர்வில் தேறியது ஆசிரியர் வினாக்களை முன்கூட்டியே காட்டியதனால்தான் என்று ஐயுற்றுப் பெயரில்லாக் கடிதம் எழுதினர். ஒரே ஊரில், ஒரே கூரையின்கீழ், அன்பும் இழிவும் அவருக்குக் கிட்டின. 1906ஆம் ஆண்டில் மருத்துவத்தை விட்டு நீங்கிய லூ சுன், அவ்வாசிரியரின் நிழற்படத்தைப் பிற்காலத்தில் தம் அறைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார்.

இனி என் கதைக்கு வருகிறேன். 1980ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு, பிற நாட்டுப் பள்ளி ஆசிரியர்கள் தம் நாட்டில் ஒன்றரை ஆண்டுப் பயிற்சி பெறுவதற்கு ஓர் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கிற்று. சிவகங்கைச் சீமையில் ஐந்தாண்டு வரலாறு கற்பித்திருந்த நான், 1985ஆம் ஆண்டு அக்டோபரில் அத்திட்டத்தின்கீழ் ஹிரோஷிமா சென்றேன். அப்போது எனக்கு வயது இருபத்தேழு.

புறப்படும் நாளில் எங்கள் அப்பத்தா வாசலுக்கு வந்து வழியனுப்ப மறுத்துவிட்டார். அவருடைய மூத்த மகன், என் பெரியப்பா, மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஜப்பானியப் படை மலாயாவைக் கைப்பற்றியபின், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே இருப்புப்பாதை அமைக்கத் தோட்டத் தொழிலாளரைத் திரட்டிக் கொண்டுபோனார்கள். 1943ஆம் ஆண்டு அக்டோபரில் முடிவுற்ற அப்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். மேனாட்டுப் போர்க் கைதிகள் பன்னீராயிரவர்க்கு மேல் அங்கே மாண்டனர். அவர்களினும் மிகுதியாக மாண்டவர் ஆசியக் கூலிகள். அவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். பெரியப்பா திரும்பி வரவில்லை, கடிதமும் வரவில்லை. "அவுக வீட்டுச் சோத்தையா திங்கப் போறே?" என்று அப்பத்தா கேட்டார். என்னிடம் அப்போது விடை இல்லை.

முதல் ஆறு மாதம் மொழிப் பயிற்சியோடு மாணவர் விடுதியில் கழிந்தது. 1986ஆம் ஆண்டு ஏப்ரலில், ஹிரோஷிமாவின் மேற்கே கடலோரமாக அமைந்த இத்சுகாய்ச்சி என்னும் ஊரில் ஒரு குடும்பத்தார் என்னை ஏற்றுக்கொண்டனர். கார்த் தொழிற்சாலையில் கணக்கராகிய குடும்பத் தலைவர், அவர் மனைவியார், தாயார், நடுநிலைப் பள்ளியில் பயிலும் மகன், தொடக்கப் பள்ளிச் சிறுமி ஆகிய ஐவர் வாழ்ந்த வீடு அது.

அவ்வீட்டின் ஒவ்வொரு நாளும் வாயிற்படியில் தொடங்கி வாயிற்படியில் முடியும். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் புகுவது நமக்கும் பழக்கமே. அவர்களோ கழற்றிய காலணியின் முனை வாயிலை நோக்குமாறு திருப்பி வைப்பர். வெளியே சென்று மீள்பவர் 'தடைமா', அதாவது 'இதோ வந்துவிட்டேன்' என்று குரல் கொடுப்பார். உள்ளிருப்பவர் 'ஒகாயெரி' என்று மீண்டு வந்தவரை ஏற்பார். வீட்டுக்கு உட்பட்டதை அவர்கள் மொழி 'உச்சி' என்கிறது. வெளியே உள்ளது 'சொதொ'. முதல் வாரம் நான் 'மன்னியுங்கள்' என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தேன். அச்சொல் வெளியாரின் சொல் என்பதைச் சிறுமிதான் எனக்குத் திருத்தினாள்.

காலையில் சோறு, நொதித்த சோயா விழுதிலிருந்து ஆக்கிய மிசோச் சாறு, சுட்ட மீன் துண்டு, ஊறுகாய் ஆகியவை அவரவர்க்குரிய கிண்ணங்களில் வரும். உண்ணத் தொடங்குமுன் அனைவரும் கைகூப்பி, 'இதாதகிமசு' என்பர். 'பணிந்து பெற்றுக்கொள்கிறேன்' என்பது அதன் கருத்து. கொடுப்பவர் சொல்லும் சொல் அன்று அது. பெறுபவர் சொல்லும் சொல். சமைத்த அம்மையாரும் அதைச் சொல்லியே உண்பார். என்றாலும் முதல் சில நாள் அதை ஒரு வழக்கச் சொல்லாகவே நான் ஒப்பித்து வந்தேன்.

எனக்கு உண்மையான பாடம் குளியலறையில் கிடைத்தது. ஜப்பானிய வீட்டில் குளியல் மாலையில்தான். தொட்டிக்கு வெளியே அமர்ந்து உடலைச் சோப்பிட்டு நன்கு கழுவிக்கொண்ட பின்னரே, கழுத்தளவு வெந்நீர் நிரம்பிய தொட்டியில் இறங்க வேண்டும். தொட்டி அழுக்கைப் போக்குவதற்கன்று; களைப்பைப் போக்குவதற்கு. அதே நீரில் வீட்டார் அனைவரும் ஒருவர்பின் ஒருவராக இறங்குவர். விறகு எரித்து நீரைக் காய்ச்சிய காலத்துச் சிக்கனம் பிறந்த வழக்கம் இது. ஹிரோஷிமாவின் வடபுறத்துக் கபே என்னும் ஊர், அடியில் தீமூட்டும் வார்ப்பிரும்புத் தொட்டிகளுக்குப் பெயர் பெற்றது. அவ்வீட்டில் எரிவாயு வந்து விட்டபோதிலும் வழக்கம் மாறவில்லை.

விருந்தினன் என்பதால் எனக்கு முதலிடம் தந்தார்கள். முதல் நாள் நான் குளித்து முடித்ததும், நம் ஊர் நினைவில், பிறர்க்குத் தூய நீர் வேண்டுமே என்று அடைப்பானைப் பிடுங்கிவிட்டேன்! நீர் முழுதும் வடிந்துபோயிற்று. ஒருவரும் ஒரு சொல்லும் கூறவில்லை. அம்மையார் மீண்டும் நீரைக் காய்ச்சினார். அன்று இரவு அவர் குளித்தபோது மணி பதினொன்றை நெருங்கிவிட்டது.

மறுநாள் உண்மையை அறிந்து வெட்கினேன். எனக்கும் ஒரு வேலை தரும்படி குடும்பத் தலைவரிடம் வேண்டினேன். அவர் சற்றே எண்ணிப் பார்த்துவிட்டு, நாள்தோறும் பிற்பகலில் தொட்டியைத் தேய்த்துக் கழுவி நீர் நிரப்பும் பணியை எனக்கு அளித்தார். அதுவரை அவ்வேலையைச் செய்துவந்த பையன் மகிழ்ந்து கைதட்டினான். அன்று மாலையே என் குளியல் வரிசையும் மாறிற்று: தந்தையார், பாட்டியார், பையன், சிறுமி, பிறகு நான், இறுதியில் அம்மையார். முதலிடத்திலிருந்து ஐந்தாம் இடத்துக்கு வந்தேன். என் வாழ்வில் நான் பெற்ற பதவி உயர்வுகளுள் அதையே முதன்மையானதாகக் கருதுகிறேன்.

ஆனால் அந்த மகிழ்ச்சி எனக்கு மிகுதியான துணிவையும் தந்துவிட்டது. மே மாதத்து மாலை ஒன்றில் பாட்டியார் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். வரலாற்று ஆசிரியன் அல்லவா நான்? 1945ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் காலையில் தாங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். பாட்டியார் தலை நிமிரவில்லை. விரல்கள் மட்டும் உரித்துக்கொண்டே இருந்தன. அம்மையார் தேநீர் கொணர்ந்து வேறு பேச்சைத் தொடங்கினார். அந்த அமைதி எனக்குச் சினத்தையே தந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். எங்கள் பெரியப்பாவைப் பற்றி இவர்கள் ஒருநாளும் கேட்டதில்லையே. தம் துயரத்தையும் சொல்ல மாட்டார்கள், பிறர் துயரத்தையும் கேட்க மாட்டார்கள் போலும் என்று உள்ளம் கசந்தது.

அக்காலத்தில் நான் நாள்தோறும் டிராம் வண்டியேறிப் பல்கலைக்கழகத்துக்குச் செல்வேன். குண்டு விழுந்த மூன்றாம் நாளே, ஆகஸ்ட் 9ஆம் தேதியே, நகரின் மேற்குப் பகுதியில் மீண்டும் ஓடத் தொடங்கிய டிராம் அது. குவிமாடத்தின் இரும்புக் கூடு மட்டும் எஞ்சிய கட்டடத்தை அது கடந்து செல்லும். பல்கலைக்கழக வளாகத்திலும் அந்நாளில் எரிந்து எஞ்சிய அறிவியல் புலக் கட்டடம் நின்றது. அங்கே ஒரு பேராசிரியர் வாயிலாகத்தான், எனக்கு முன்னே அவ்வூருக்கு வந்த மாணவர்களின் கதையை அறிந்தேன்.

1943, 1944ஆம் ஆண்டுகளில் ஜப்பானிய அரசு, தான் கைப்பற்றிய மலாயா, ஜாவா, சுமத்ரா, போர்னியோ, பர்மா, பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளிலிருந்து சுமார் இருநூறு இளைஞர்களைத் 'தென்திசைச் சிறப்பு மாணவர்' என்னும் பெயரால் அழைத்து வந்தது. தன் ஆட்சிக்குத் துணைநிற்கும் தலைவர்களை உருவாக்குவதே அரசின் நோக்கம். அதே மலாயாவிலிருந்து தமிழ்க் கூலிகளைச் சயாமுக்கு ஓட்டிச் சென்ற அதே அரசு, இந்த இளைஞர்களைத் தோக்கியோவில் வரவேற்று மொழி கற்பித்தது. ஒரே கையின் இரு செயல்கள் இவை. மாணவர்களோ பதினேழு, பதினெட்டு, இருபது வயதினர். அவர்களுள் சிலர் ஹிரோஷிமாவுக்கு அனுப்பப்பட்டு, ஆற்றங்கரையில் ஒரு விடுதியில் தங்கி, அண்டை வீட்டாரோடு பழகி, உணவுத் தட்டுப்பாட்டையும் அவர்களோடு பகிர்ந்து வாழ்ந்தனர்.

குண்டு வெடித்த இடத்துக்கு அந்த விடுதி ஒரு கிலோமீட்டருக்கும் உட்பட்ட தொலைவில் இருந்தது. விடுதி அழிந்தது. உயிர் தப்பிய மாணவர் பல்கலைக்கழகத் திடலில் ஒன்று கூடினர். எரிகின்ற நகரை விட்டு அவர்கள் உடனே ஓடிவிடவில்லை. ஏறத்தாழ ஒரு வாரம் அத்திடலிலேயே தங்கி, இடிபாட்டில் சிக்கிய ஜப்பானியரை மீட்டும், காயமுற்றோரைக் கவனித்தும், கிடைத்த உணவைப் பகிர்ந்தும் வாழ்ந்தனர். மலாயாவைச் சேர்ந்த சையத் ஓமார் தோக்கியோவுக்குச் செல்லும் வழியில் நோய் முற்றிக் கியோத்தோ நகரில் இறங்கி, செப்டம்பர் 3ஆம் நாள் உயிர் நீத்தார். பிழைத்தவர்களுள் மலாயாவைச் சேர்ந்த அப்துல் ரசாக் பின்னாளில் தம் நாட்டில் ஜப்பானிய மொழியைக் கற்பித்தார். பெங்கிரான் யூசுப் புரூணை நாட்டின் முதலமைச்சரானார். அந்நாட்டுப் பண்ணின் சொற்களை எழுதியவரும் அவரே. அழைத்து வந்த அரசின் நோக்கம் எதுவாயினும், அந்த ஒரு வாரத்தில் அவர்கள் யாருடைய கருவியாகவும் இல்லை. வீடு பற்றியெரிந்தபோது அவ்வீட்டாரோடு நின்ற விருந்தினர் அவர்கள்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் காலை 8.15க்கு ஊதுகுழல் ஒலித்தபோது, எங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் நின்றனர். பிறகு வேலை தொடர்ந்தது. அன்றும் பேச்சு எழவில்லை. அடுத்த வாரம் முன்னோரை வழிபடும் 'ஒபோன்' நாள் வந்தது. ஹிரோஷிமா வட்டாரத்தில் அப்போது மூங்கிற் கழியில் வண்ணக் காகிதக் கூண்டு விளக்குகளைக் கட்டிக் கல்லறைதோறும் நடுவர். அவ்வாண்டு இறந்தவர்க்கு மட்டும் வெள்ளை விளக்கு. பாட்டியார் என்னைத் தம்மோடு வருமாறு அழைத்தார். நீர் வாளியை நான் சுமந்தேன்.

ஊரிலுள்ள கோசென்ஜி என்னும் பௌத்தக் கோயிலில், அத்தனை வண்ண விளக்குகளுக்கும் இடையே வேறொரு வடிவில் ஒரு கல்லறையை எனக்குக் காட்டினார். அது மலாயா மாணவர் நிக் யூசோப் என்பவருடையது. எரிந்த நகரிலிருந்து மேற்கு நோக்கித் தப்பி வந்து, இத்சுகாய்ச்சியில் உயிர் துறந்த முஸ்லிம் இளைஞர் அவர். பெற்றோரும் உற்றோரும் அருகில் இல்லாத அந்தப் பிள்ளையின் நினைவை இந்த ஊரார் காத்து வந்திருக்கின்றனர். பாட்டியார் கல்லின்மேல் நீரை மெல்ல ஊற்றினார். பிறகு என்னை நோக்காமலே பேசினார்.

அன்று நகரிலிருந்து சாரை சாரையாக வந்தவர்களைப் பள்ளிக்கூடத் தரையில் கிடத்தினார்களாம். இருபத்திரண்டு வயதினரான அவரும் பணிவிடைக்குச் சென்றார். எல்லோரும் கேட்டது தண்ணீர். தண்ணீர் கொடுத்தால் இறந்துவிடுவர், கொடுக்காதே என்று பெரியவர்கள் கட்டளையிட்டிருந்தனர். அவரும் கொடுக்கவில்லை. கொடாமலும் அவர்கள் இறந்தனர். "அவர்கள் முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. உள்ளூர்ப் பிள்ளையா, வேற்றூர்ப் பிள்ளையா என்றும் தெரியாது. ஆகையால் எல்லாக் கல்லிலும் ஊற்றுகிறேன்" என்றார். பின் என் கையில் அகப்பையைக் கொடுத்தார். நானும் ஊற்றினேன்.

திரும்பும் வழியில் என் பெரியப்பாவைப் பற்றி அவரிடம் சொன்னேன். எனக்குத் தெரிந்த சிறிய ஜப்பானிய மொழியில் இருப்புப்பாதை, காடு, காலரா என்று சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினேன். அவர் நின்று கேட்டார். சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. "பெயர் என்ன?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அவர் நாவுக்கு அது எளிதாக வரவில்லை. இரண்டு மூன்று முறை திருப்பிச் சொல்லிப் பழகிக்கொண்டார். அன்று மாலை வீட்டுப் பூசை மாடத்தின்முன் மணியொலித்தபோது, தம் முன்னோர் பெயர்களுக்குப் பின் அந்தத் தமிழ்ப் பெயரும் தட்டுத் தடுமாறி ஒலித்ததைக் கேட்டேன்.

1987ஆம் ஆண்டு மார்ச்சில் ஊர் திரும்பினேன். அப்பத்தாவின் காலடியில் அமர்ந்து யாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "எம் பிள்ளைக்கு அங்கே யாரு தண்ணி குடுத்தாகளோ" என்றார். சற்றுக் கழித்து, "அந்தம்மா நல்லாருக்கட்டும்" என்றும் சொன்னார். ஜப்பானியப் படையை அவர் மன்னித்தார் என்று நான் சொல்ல மாட்டேன், மன்னிக்கவும் இல்லை. பெயரைத் தெரிந்துகொண்டு அழைத்த ஒருத்தியை மட்டும் வாழ்த்தினார்.

மாணவ நண்பர்களே, அதுவரை என் வகுப்பில் ஹிரோஷிமாவுக்கு இரண்டு வரிகளும், சயாம் இருப்புப்பாதைக்கு ஒரு வரியும்தான் ஒதுக்கி வந்தேன். அதற்குப்பின் இரண்டையும் ஒரே நாளில், ஒரே பாடமாக நடத்தலானேன். ஓய்வு பெறும்வரை அவ்வாறே நடத்தினேன். பாடத்தின் இறுதியில் ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டிலிருந்து கடல் கடந்து சென்று திரும்பாத ஒருவரின் பெயரை முதியோரிடம் கேட்டு எழுதிவர வேண்டும் என்பது நான் கொடுக்கும் வீட்டுவேலை. பெயரில்லாமல் வந்த பிள்ளைகள் சிலரே.

உங்களுள் பலர் நாளை அயல்நாடுகளுக்குக் கற்கச் செல்வீர்கள். எவரோ ஒருவர் இல்லத்தில் உங்களுக்கும் முதலிடம் தருவார்கள். அதிலேயே அமர்ந்துவிடாதீர்கள். ஒரு வேலை கேட்டு வாங்குங்கள். அவர்கள் பேசாத நாளைப் பற்றி முதல் மாதத்திலேயே வினவாதீர்கள். வாளியைச் சுமந்துகொண்டு உடன் செல்லுங்கள். உங்கள் வீட்டுத் துயரையும் மறைக்காதீர்கள். கேட்கும் காது அங்கே இருக்கக்கூடும்.